முன்விளக்கும் என் வீட்டு மதிலும்

வல்லைவெளியை இரவிலே கடந்தவர்களுக்கு அதன் இருட்டைப் பற்றி நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியிலே, இருமருங்கும் வீடு வாசல் எதுவுமற்ற வெட்டவெளி அது. பகலிலே காற்று வாங்கப் போகலாம்; இரவிலே, நம் வாகனத்தின் விளக்கைத் தவிர வேறு துணை கிடையாது.

2023 மார்கழியில் ஓரிரவு, நெல்லியடியில் ஒரு மரண வீட்டுக்குச் சென்றுவிட்டு அவ்வழியாகத் தனியே கார் ஓட்டித் திரும்பிக்கொண்டிருந்தேன். எட்டரை மணியிருக்கும். மழை விட்டிருந்தது, வீதி நனைந்து கறுத்துக் கிடந்தது. எதிரே தூரத்தில் ஒரு சைக்கிள் வருவது தெரிந்தது. உடனே முன்விளக்கைத் தாழ்த்தினேன். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் விளக்கைத் தாழ்த்தினேன். நாற்பது வருடங்களாக வாகனம் ஓட்டும் எனக்கு அது கை தானாகவே செய்யும் காரியம். ஆனாலும் சைக்கிள் இரண்டு தரம் ஆடியது. பின்னர் வீதியின் விளிம்பைத் தாண்டிச் சரிவில் இறங்கி மறைந்துவிட்டது.

காரை நிறுத்திவிட்டு ஓடினேன். எழுபது வயதைக் கடந்த ஒருவர், சேற்றிலே ஒரு கையை ஊன்றியபடி எழ முயன்றுகொண்டிருந்தார். சைக்கிள் கைபிடியில் மாட்டியிருந்த பையிலிருந்து பாணும் ஒரு பொதி சீனியும் வெளியே விழுந்திருந்தன.

“ஐயா, என்ன நடந்தது?”

“ஒண்டுமில்லைத் தம்பி. உங்கட லைற் கண்ணில அடிச்சிது. றோட்டு எங்கை முடியுதெண்டு தெரியேல்லை.”

அவருடைய குரலில் கோபம் இருக்கவில்லை. மழை பெய்தது, வழுக்கிவிட்டது என்று சொல்வது போலவே சொன்னார். மணிக்கட்டு முறிந்திருந்தது. வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றேன். அங்கே மருத்துவர் கேட்டபோது, “சைக்கிளால விழுந்திட்டன்” என்று மட்டும் சொன்னார். நான் பக்கத்திலே நின்றேன். வாய் திறக்கவில்லை என்பதையும் இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்த மனிதர் தலை அடிபட்டு இறந்திருந்தால் மறுநாள் பத்திரிகையில் செய்தி எப்படி வந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். நினைக்கவே தேவையில்லை; அந்த வாக்கியத்தை நூற்றுக்கணக்கான தடவை எழுதியவனும், பிரதேச நிருபர்கள் அனுப்பியதைத் திருத்தி அச்சுக்கு அனுப்பியவனும் நான்தானே! ‘துவிச்சக்கர வண்டி கட்டுப்பாட்டை இழந்து வீதியை விட்டு விலகியதில் முதியவர் ஸ்தலத்திலேயே உயிரிழந்தார். மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர்.’ அவ்வளவுதான். வாகனம் எப்போதும் தானாகவே கட்டுப்பாட்டை இழக்கும். அதிவேகம், மதுபோதை, நித்திரைக் கலக்கம் என்ற மூன்று காரணங்களுள் ஒன்று பொருத்தப்படும். எதிரே வந்த வாகனத்தின் விளக்கு எங்கே பார்த்துக்கொண்டிருந்தது என்று, என் தொழில் வாழ்க்கை முழுவதிலும் ஒரு நிருபரிடமாவது நான் கேட்டதில்லை. எவரும் என்னிடம் கேட்டதுமில்லை.

சரி, விடயத்துக்கு வருவோம்.

அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர் என் காரின் முன்பக்கம் ஒரு மாட்டுடன் உரசியதால் பம்பரைக் கழற்றி நிறம் பூச நேர்ந்தது. கராஜிலே விளக்குகளையும் கழற்றித்தான் திரும்பப் பூட்டினார்கள். வேலை சுத்தம், நிறமும் ஒத்துப்போயிற்று. அதன்பின்னர் இரவிலே ஓட்டும்போது, வீதி முன்னரைவிட வெகு தூரம் தெரிவதாக எனக்கு ஒரு மகிழ்ச்சி. பெயர்ப்பலகைகள் பளிச்சிட்டன. பனைகளின் கழுத்து வரையில் வெளிச்சம் ஏறியது. விளக்கு நல்லாயிருக்கிறது என்று மனைவியிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். பனையின் கழுத்தைப் பார்த்துக்கொண்டா ஒருவன் வாகனம் ஓட்டுவது? அந்தக் கேள்வி அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் பொழுதுபட்டதும் காரை என் வீட்டு மதிலுக்கு முன்னால் நிறுத்தி அளந்து பார்த்தேன். ஐந்து மீற்றர் தூரத்திலே, வலப்பக்க விளக்கின் ஒளி எல்லை இருக்கவேண்டிய இடத்துக்கு மேலே பதினைந்து சென்ரிமீற்றர் ஏறி நின்றது. இடப்பக்க விளக்கோ நிலத்தைத் தோண்டிக்கொண்டிருந்தது.

பதினைந்து சென்ரிமீற்றர் என்பது ஒரு சாண் அளவு கூட இல்லையே, இதற்கா இவ்வளவு என்று கேட்கலாம். இங்கேதான் கணக்கு இருக்கிறது. தாழ்ந்த ஒளி என்று நாம் சொல்வது, மேற்பகுதி கத்தியால் வெட்டியது போல் எல்லையிடப்பட்ட ஓர் ஒளிக்கற்றை. அந்த எல்லைக்குக் கீழே வெளிச்சம். மேலே ஏறக்குறைய இருட்டு. இந்த எல்லை, விளக்கிலிருந்து முன்னே செல்லச் செல்லச் சிறிது சிறிதாகத் தாழவேண்டும். நூறு மீற்றருக்கு ஒரு மீற்றர், அதாவது நூற்றுக்கு ஒரு வீதம் தாழ்வது பொதுவான அளவு. ஐக்கிய நாடுகள் சபையின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவின் 48ஆம் இலக்க ஒழுங்குவிதி, நிலத்திலிருந்து 80 சென்ரிமீற்றருக்குக் குறைந்த உயரத்தில் விளக்குள்ள வாகனங்களுக்குத் தொடக்க அமைப்பாக 1 முதல் 1.5 வீதம் வரை என்று வகுத்திருந்தது. கோணமாகச் சொன்னால் ஒரு பாகை கூட இல்லை.

என் காரின் விளக்கு நிலத்திலிருந்து 66 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஒரு வீதம் தாழ்ந்தால் ஒளியின் எல்லை 66 மீற்றரில் வீதியைத் தொடும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவர் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 17 மீற்றர் கடக்கிறார். ஆகவே நான்கு செக்கன் தூரத்து வீதி அவருக்குத் தெரியும். ஆனால் என் வலப்பக்க விளக்கோ இரண்டு வீதம் மேல்நோக்கி இருந்தது. அப்படியாயின் 42 மீற்றர் தூரத்தில் அதன் எல்லை ஒன்றரை மீற்றர் உயரத்துக்கு ஏறிவிடும். சைக்கிளில் இருப்பவரின் கண் ஏறக்குறைய அந்த உயரத்திலேயே இருக்கிறது. நான் அவரை 42 மீற்றருக்கு நெருங்கும் வரையில் என் விளக்கின் முழு ஒளியும் அவர் கண்ணுக்குள்தான் விழுந்துகொண்டிருந்தது. நான் விளக்கைத் தாழ்த்தியதும் தாழ்த்தாததும் அவருக்கு ஏறத்தாழ ஒன்றே. பின்னர் வெளிச்சம் கண்ணை விட்டு இறங்கினாலும் கண் இருட்டுக்குப் பழகச் சில செக்கன்கள் வேண்டும். வயது ஏற ஏற அந்த நேரமும் கூடும். கண் வில்லையில் புகைச்சல் விழத் தொடங்கியவர்களுக்கு, ஒளி கண்ணுக்குள் சிதறி எல்லாமே வெள்ளைத் திரையாகிவிடும். அறுபது தாண்டிய எனக்கே இது அனுபவம்.

விளக்கைத் தேவைக்கு மேல் தாழ்த்திவிடுவதும் பிழை என்பதைச் சொல்லிவிடவேண்டும். மூன்று வீதம் தாழ்ந்தால், 66 சென்ரிமீற்றர் உயரத்து விளக்கின் ஒளி 22 மீற்றரிலேயே முடிந்துவிடும். அறுபதில் ஓடுபவருக்கு அது ஒரு செக்கனுக்குச் சற்றுக் கூடிய நேரம். மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையிலே வீதியில் படுத்திருக்கும் மாட்டைக் கண்டு காலைப் பிறேக்கில் வைப்பதற்குள் மாட்டின் மேலேயே ஏறிவிடுவோம்.

எண்பதுகளில் நான் பணியாற்றிய பத்திரிகையின் விநியோக வானை ஓட்டிய முதிய சாரதி ஒருவர் இருந்தார். ஆறாம் வகுப்புடன் படிப்பை விட்டவர். மாதத்துக்கு ஒருமுறை அச்சகத்தின் பின்சுவருக்கு முன்னால் வானை நிறுத்தி, சுவரிலே கரித்துண்டால் கீறியிருந்த கோடுகளைப் பார்த்து, வட்ட விளக்கின் ஓரத்துத் திருகாணிகளைத் திருகிக்கொண்டிருப்பார். “லைற் றோட்டில படுக்கவேணும் தம்பி, எழும்பி நிக்கக் கூடாது” என்பார். அவருக்கு வீதக் கணக்குத் தெரியாது. ஆனால் கோடு சரியாக இருந்தது. பின்னர் குண்டுவீச்சு விமானங்களுக்கு அஞ்சி, விளக்கை அணைத்துவிட்டு நிலவொளியில் ஓட்டிய காலமும் வந்தது. ஏ9 வீதி 2002 இல் திறந்து, 2006 ஆகஸ்டில் மூடுண்டு, போர் முடிந்தபின் மீண்டும் திறந்தது. காவலரண்களை நெருங்கும்போது முன்விளக்கைத் தாழ்த்தி உள்விளக்கைப் போடவேண்டும் என்பதை ஒரு தலைமுறையே அச்சத்தினால் கற்றுக்கொண்டது. துவக்குடன் நிற்பவனின் கண் கூசக்கூடாது என்பதில் அவ்வளவு கவனமாக இருந்த நாம், சைக்கிளில் வருகிறவர் விடயத்தில் ஏன் இப்படி ஆனோம்?

இனி, வீட்டிலேயே இதைச் சரிசெய்வது எப்படி என்று சொல்கிறேன். ஒரு நட்சத்திரத் திருகி, அளவு நாடா, ஒட்டும் நாடா, ஒரு மாலைப்பொழுது, வேறொன்றும் தேவையில்லை. என்னைப் போன்ற, கையிலே பேனையைத் தவிர எதையும் உருப்படியாகப் பிடித்திராத ஒருவனுக்கே இது முடிந்தது.

முதலில் வேண்டியது சமதரையும் நேர்ச்சுவரும். நம்மூர் முற்றங்கள் மணல். பார்வைக்குச் சமம் போலிருந்தாலும் சமமாக இருப்பதில்லை. மேசன்மார் பயன்படுத்தும் தண்ணீர் மட்டக் குழாயை ஒருநாள் இரவல் வாங்குங்கள். முன்சில்லுகளும் பின்சில்லுகளும் நிற்குமிடம் ஒரே மட்டமா என்று அதனால் பார்க்கலாம். மதிலின் அடி சற்று உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால் பாதகமில்லை. விளக்கின் நடுப்புள்ளியின் உயரத்தை அதே குழாயால் மதிலுக்குக் கொண்டுசென்று குறித்துவிடலாம். இந்த உபாயத்தை எனக்குச் சொன்னவர், எங்கள் மதிலைக் கட்டிய மேசன்தான். சீமெந்துத் தரையுள்ளவர்களுக்கு இவ்வளவு சிரமமில்லை.

காரைத் தயார்செய்வதில்தான் பலரும் தவறிவிடுகிறார்கள். நான்கு ரயர்களிலும் காற்று சரியான அளவில் இருக்கவேண்டும். பின்பெட்டியில் அரிசி மூட்டையோ தேங்காயோ இருந்தால் இறக்கிவிடுங்கள். சாரதி ஆசனத்தில் ஒருவரை அமர்த்துங்கள். நான் பக்கத்து வீட்டுப் பிள்ளையை இருத்தினேன். முன்னும் பின்னும் காரை நன்றாக அமுக்கி விட்டால் ஸ்பிரிங்குகள் இயல்பு நிலைக்கு வந்துவிடும். ஸ்டியறிங் அருகே 0, 1, 2, 3 என்று எழுதிய ஒரு சிறு சக்கரம் இருந்தால் அதைப் பூச்சியத்தில் வையுங்கள். அந்தச் சக்கரத்தைப் பற்றிப் பின்னர் பேசுவோம்.

இப்போது காரை மதிலோடு ஒட்டினாற்போல் நேராக நிறுத்தி, இரு விளக்குகளின் நடுப்புள்ளிகளுக்கும் நேரே மதிலில் இரண்டு செங்குத்துக் கோடுகளை நாடாவால் ஒட்டவேண்டும். நடுப்புள்ளி உயரத்தில் ஒரு கிடைக்கோடு. பின்னர் ஸ்டியறிங்கைத் திருப்பாமல் நேரே பின்னால் எடுத்து, விளக்கின் முகத்துக்கும் மதிலுக்கும் இடையே சரியாக ஐந்து மீற்றர் இருக்கும்படி நிறுத்துங்கள். ஐந்து மீற்றரில் ஒரு வீதம் என்பது ஐந்து சென்ரிமீற்றர். ஆகவே கிடைக்கோட்டுக்கு ஐந்து சென்ரிமீற்றர் கீழே இன்னொரு கிடைக்கோடு ஒட்டுங்கள். இந்தக் கோடுதான் நமது இலக்கு. பத்து மீற்றர் இடவசதி உள்ளவர்கள் பத்து சென்ரிமீற்றர் கீழே ஒட்டலாம். தூரம் கூடக் கூடப் பிழை குறையும். வாகனத்தின் கையேட்டிலோ விளக்கினருகே ஒட்டிய தகட்டிலோ வேறு வீதம் குறிக்கப்பட்டிருந்தால் அதையே பின்பற்றவேண்டும்.

இருட்டியதும் தாழ்ந்த ஒளியைப் போட்டு, ஒரு விளக்கை மட்டையால் மறைத்துக்கொண்டு மற்றதைப் பாருங்கள். மட்டையை விளக்கோடு ஒட்டிவைத்து மறந்துவிடாதீர்கள். ஹலஜன் விளக்கின் சூடு பொல்லாதது. இடப்புறமாக ஓட்டும் நம் நாட்டு வாகனத்தில், ஒளியின் எல்லைக்கோடு வலப்பாதியில் கிடையாகவும், இடப்பாதியில் மேல்நோக்கிச் சரிந்தும் தெரியும். எதிரே வருபவர் வலப்பக்கம். அவர் கண்ணுக்கு ஒளி ஏறக்கூடாது. இடப்பக்கம் வீதியோரம், நடந்து செல்பவரும் அறிவிப்புப் பலகையும் அங்கேதான், அங்கே ஒளி சற்று உயரலாம். என்ன அழகான யோசனை பாருங்கள்! கிடைப்பகுதி கீழ்க்கோட்டின் மேல் படியவேண்டும். சரிவு தொடங்கும் முழங்கை போன்ற இடம் அந்தந்த விளக்கின் செங்குத்துக் கோட்டில் நிற்கவேண்டும். பிசகினால் மயிரிழை இடப்பக்கம் போகலாம், வலப்பக்கம் போகவே கூடாது. ஜப்பானிலும் இடப்புறமே ஓட்டுகிறார்கள் என்பதால், அங்கிருந்து வந்த பாவித்த வாகனங்களின் விளக்குகள் நமக்குப் பொருந்தும். பிரித்தானியா, அவுஸ்திரேலியா, சிங்கப்பூர், மலேசியா வாசகர்களுக்கும் இதே அமைப்புத்தான். பிரான்ஸ், ஜேர்மனி, நோர்வே, சுவிற்சர்லாந்து வாசகர்கள் நான் எழுதியதிலே இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள். கனடா, அமெரிக்க விளக்குகளின் எல்லைக்கோட்டு வடிவம் சற்று வேறு. அங்குள்ளோர் கையேட்டைப் பார்ப்பதே நன்று.

பொனற்றைத் திறந்து விளக்கின் பின்புறத்தைப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு திருகாணிகள் தெரியும். ஒன்று மேலும் கீழும், மற்றது இடமும் வலமும் ஒளியை நகர்த்தும். எந்தத் திசையில் திருகினால் எங்கே போகும் என்பது வாகனத்துக்கு வாகனம் வேறுபடும். அரைச் சுற்றுத் திருகிவிட்டு மதிலைப் பாருங்கள்; மதிலே சொல்லும். அவசரப்பட்டு முழு வலுவுடன் திருகினால், பழைய வாகனங்களில் உள்ளே இருக்கும் பிளாஸ்ரிக் பற்சில்லு உடைந்துவிடும். ஒரே பல்ப்பில் தாழ்ந்த ஒளியும் உயர்ந்த ஒளியும் உள்ள எச்4 வகையானால், தாழ்ந்ததைச் சரிசெய்ததும் உயர்ந்ததும் சரியாகிவிடும். தானாகவே உயரத்தை மாற்றிக்கொள்ளும் எல்.ஈ.டி., செனோன் விளக்குகளுள்ள புதிய வாகனங்களை மட்டும் வீட்டில் தொடவேண்டாம். அவற்றுக்கு வேறு கருவிகள் வேண்டும். மோட்டார் சைக்கிளானால் வேலை இன்னும் சுலபம். ஓட்டுபவர் ஏறி அமர்ந்திருக்க, விளக்கின் இருபுற ஆணிகளைத் தளர்த்திச் சாய்த்து இறுக்கினால் முடிந்தது. வழமையாக மனைவியையோ பிள்ளையையோ பின்னால் ஏற்றிச் செல்பவர், அவர்களையும் ஏற்றிவைத்தே பார்க்கவேண்டும்.

எனக்கு எல்லாமாக ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. அதில் முக்கால் மணித்தியாலம் திருகாணியைத் தேடியதில் போயிற்று.

அந்தச் சிறு சக்கரத்துக்கு வருவோம். புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் இந்தக் கட்டுரைக்கும் உள்ள தொடர்பு அங்கேதான் இருக்கிறது. கட்டுநாயக்காவில் வந்திறங்குகிறீர்கள். வான் காத்திருக்கிறது. ஆளுக்கு இரண்டு பெட்டிகள், இளையவனின் படிப்பு முடிந்ததற்குப் பரிசு, அம்மாவுக்குச் சக்கர நாற்காலி என்று எல்லாம் பின்புறத்திலே ஏறுகின்றன. பின்பக்கம் அமிழ்ந்து முன்பக்கம் நிமிர்ந்த வான், இரவோடிரவாக யாழ்ப்பாணத்துக்குப் புறப்படுகிறது. பகலில் சரியாக இருந்த விளக்கு, இந்தப் பாரத்தினால் மட்டுமே எதிரே வருபவர் கண்ணுக்கு ஏறிவிடும். இதற்காகத்தான் அந்த 1, 2, 3. பாரம் ஏற ஏற எண்ணைக் கூட்டினால் ஒளி தாழும். எத்தனை சாரதிகளிடம் கேட்டிருக்கிறேன்! “அது ஏதோ ரேடியோவுக்கெண்டு நினைச்சன் ஐயா” என்று ஒருவர் சொன்னார். முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறோம், கச்சான் வாங்குகிறோம். அந்தப் பத்து நிமிடத்தில் வானுக்கு முன்னால் வந்து நின்று விளக்கு எங்கே அடிக்கிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை. அடுத்தமுறை வரும்போது நீங்களாவது அந்தச் சக்கரத்தைத் திருப்பச் சொல்லுங்கள். சாரதி முணுமுணுப்பார், பரவாயில்லை.

இன்னொரு நோய், ஹலஜன் பல்ப்புக்கு அமைந்த கூட்டுக்குள் மலிவான எல்.ஈ.டி. பல்ப்பைச் செருகுவது. கூட்டின் உள்ளே இருக்கும் கண்ணாடி வளைவு, பல்ப்பின் இழை எந்த மில்லிமீற்றரில் இருக்குமோ அதற்கெனவே வடிவமைக்கப்பட்டது. ஒளி பிறக்கும் இடம் மாறினால் வெட்டியது போன்ற எல்லைக்கோடு கலைந்து, வெளிச்சம் நாலாபுறமும் தெறிக்கும். அதை எந்தத் திருகாணியாலும் சரிசெய்ய இயலாது. மதிலில் கோடு விழாமல் மேகம் போல் வெளிச்சம் பரவினால், திருகுவதை நிறுத்திவிட்டுப் பழைய பல்ப்பைத் திரும்பப் போடுங்கள். “எல்லாரும் அடிக்கிறாங்கள், நான் மட்டும் மங்கலா ஓடுறதோ?” என்று என் உறவுக்காரப் பையன் கேட்டான். முச்சக்கர வண்டி வைத்திருக்கிறான். இரவு ஓட்டத்தில்தான் வருமானம். அவன் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. எதிரே வருபவன் கண்ணைக் குருடாக்கும்போது தன் வெளிச்சத்தைக் கூட்டத்தான் எவனுக்கும் தோன்றும். ஆனால் இருவரும் குருடாகி எதிரெதிரே ஓடுவதில் யாருக்கு இலாபம் என்ற என் கேள்விக்கு அவனிடம் பதில் இருக்கவில்லை. பல்ப்பையும் அவன் மாற்றவில்லை.

விளக்கின் முகம் மஞ்சள் பூத்துப் போனதும் இந்தச் சீரழிவில் ஒரு பங்கு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்தாண்டுகளில் நம் வீதி வாகனங்கள் எல்லாம் ஐந்து வயது முதிர்ந்தன. வெயிலில் காய்ந்த பிளாஸ்ரிக் முகம் ஒளியை விழுங்குகிறது, சிதறடிக்கிறது. வெளிச்சம் போதவில்லை என்று விளக்கை உயர்த்துகிறார்கள், அல்லது எல்.ஈ.டி.க்கு ஓடுகிறார்கள். நீர் தடவி மென்மையான உப்புத்தாளால் தேய்த்து மெருகிட்டு, மேலே காப்புப் பூச்சு ஒன்று பூசினால் பாதி நோய் தீரும். பற்பசையால் தேய்ப்பது சில வாரங்களுக்கே தாங்கும்.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. 2008 முதல் வாகன வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்குப் புகைப் பரிசோதனைச் சான்று வேண்டும் என்று ஆக்கினார்கள், நல்ல காரியம். ஆண்டுக்கொரு தடவை ஒவ்வொரு காரும் சமதரையுள்ள ஒரு நிலையத்துக்குப் போய் நிற்கிறது. ஒளியின் கோணத்தைப் பார்க்கும் கருவி, ஒரு வில்லையும் திரையும் பொருத்திய பெட்டிதான். விளக்குக்கு முன்னால் உருட்டிவந்து வைத்தால் இரண்டு நிமிட வேலை. பஸ்களுக்கும் லொறிகளுக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கிறோம். தனியார் காரின் புகையைப் பார்க்கிறோம், அதன் கண்ணைப் பார்ப்பதில்லை. ஜப்பானிலும் பிரித்தானியாவிலும் ஜேர்மனியிலும் குறித்த காலத்துக்கொரு முறை நடக்கும் வாகனப் பரிசோதனையில் முன்விளக்கின் கோணமும் அடங்கும். 2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ வேலைத்திட்டத்தின்போது, பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் பூட்டியிருந்த மேலதிக அலங்காரங்களைப் பொலிஸார் கழற்றுவித்தார்கள். கண்ணுக்குத் தெரியும் அலங்காரத்தைக் கழற்றுவது எளிது. தொழிற்சாலையில் பூட்டிய விளக்கே பதினைந்து சென்ரிமீற்றர் ஏறி நிற்பது எந்தப் பொலிஸ்காரரின் கண்ணுக்குத் தெரியும்? என் காரை அந்த இரண்டு மாதத்தில் மூன்று இடங்களில் மறித்தார்கள். காப்புறுதிப் பத்திரத்தைப் பார்த்தார்கள், அனுமதிப்பத்திரத்தைப் பார்த்தார்கள், வணக்கம் சொல்லி அனுப்பினார்கள்.

இன்னொரு பரிசோதனை என்றால் இன்னொரு கட்டணம், இன்னொரு கையூட்டு என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். மறுப்பதற்கில்லை. ஆனால் புகைப் பரிசோதனையோடு சேர்த்துப் பார்த்து, பிழையிருந்தால் அங்கேயே திருகிவிட்டு அனுப்பலாம். தண்டம் விதிக்கவேண்டியதில்லை, சான்றை நிறுத்தவும் வேண்டியதில்லை. கையூட்டுக்கு அங்கே இடமெங்கே?

அந்தப் பெரியவரைப் பின்னர் நாலைந்து தடவை போய்ப் பார்த்தேன். முதல் தடவையே என் விளக்குத்தான் பிழை என்று சொல்லிவிட்டேன். வைத்தியசாலையில் சொல்லாததற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். “அது விளங்கினதுதானே தம்பி” என்றார். கட்டு அவிழ்த்த பின்னரும் கை முழுதாக மடங்கவில்லை. தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்க முடியாமலிருந்தது. சைக்கிளுக்கு முன்னால் ஒரு விளக்கும் பின்னால் சிவப்பு ஒளித்தெறிப்பானும் வாங்கிப் பூட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஆனால் இரவிலே வல்லைவெளிப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார் என்று அவருடைய மகள் சொன்னாள்.

கடந்த மாதம் அவருடைய பேரன் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினான். “தம்பி, இவன்ர லைற்றையும் ஒருக்காப் பாத்துவிடுங்கோ” என்று பெரியவர் அவனை என் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். மதிலில் ஒட்டிய நாடாக்கள் மழைக்குக் கழன்றுவிட்டதால் கோடுகளை இப்போது நிறத்தாலேயே கீறி வைத்திருக்கிறேன். “இஞ்சேருங்கோ, போன தைப்பொங்கலுக்குத்தானே மதிலுக்கு வெள்ளை அடிச்சது” என்று மனைவி முறையிட்டாள். கோடு அப்படியே இருக்கிறது. பையனின் விளக்கு எட்டு சென்ரிமீற்றர் மேலே நின்றது. சாய்த்து இறுக்கி அனுப்பினேன்.